கட்டிலுக்கு அடித்த மருந்து

எழுபதுகளின் முற்பகுதியில், தேனி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு நெடுநாள் முன்பு, காமயகவுண்டன்பட்டியில் எனக்கு இருந்த நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரையில் தங்கிப் படித்து வேதியியலில் பட்டம் பெற்றவன் நான். பக்கத்து ஊர் உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியர். எங்கள் தெருவில் எனக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. கோர்ட்டிலிருந்து வரும் காகிதமானாலும், திராட்சைத் தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்து டப்பாவில் ஒட்டியிருக்கும் ஆங்கிலத் தாளானாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். எத்தனை மூடி மருந்துக்கு எத்தனை குடம் தண்ணீர் என்று நான் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. ஆண்டுதோறும் பள்ளியில் பெற்றோரைக் கூட்டிவைத்து வீட்டுத் தூய்மையைப் பற்றிப் பேசும் பொறுப்பும் என்னுடையதே.

அப்படிப்பட்டவன் வீட்டில் மூட்டைப்பூச்சி இருந்தது.

அந்த நாளில் பஸ் சீட்டிலும் சினிமாக் கொட்டகை நாற்காலியிலும் அது இல்லாத இடம் குறைவு. எனினும் தன் வீட்டில் இருப்பதாக யாரும் சொல்லிக்கொள்வதில்லை. எங்கள் வீட்டில் எனக்கும் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்குமாக இரண்டு நாடாக் கட்டில்கள். நாடாவின் மடிப்பிலும் சட்டம் கூடும் பொருத்திலும் அவை அடைந்திருந்தன. என் மனைவிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வெயில் ஏறியதும் கட்டிலைத் தெருவில் போட்டு, பொருத்துகளில் கொதிநீர் ஊற்றி, அதன் கால்களைக் கல்லில் தட்டிப் பூச்சியை உதிர்ப்பது. எங்கள் வீட்டுக்கு முற்றம் கிடையாது; வெயில் வேண்டுமென்றால் தெருவுக்குத்தான் வர வேண்டும். தெருவில் கட்டில் கிடந்தால் அது எதற்கென்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எனவே, திருமணமான புதிதிலேயே அதற்கு நான் தடை போட்டுவிட்டேன். அவள் வீட்டுக்குள்ளேயே மண்ணெண்ணெயைத் தொட்டுத் தொட்டு வைத்துப் பார்த்தாள். பத்து நாள் குறையும், பிறகு பழையபடி.

அந்தப் பொங்கலுக்கு ஆண்டிபட்டியிலிருந்து என் மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்கினார். அவர் வியாபாரி, வாய் சும்மா இராது. ஊருக்குத் திரும்பும்போது, பஸ் நிறுத்தத்தில், என்னுடன் பணிபுரியும் இரண்டு ஆசிரியர்கள் நிற்கையில் சொன்னார்: "மாப்பிள்ளை, உங்க வீட்டுக் கட்டில் மரியாதை தெரிஞ்ச கட்டிலு. விருந்தாளின்னு தெரிஞ்சுக்கிட்டு, விடிய விடிய எந்திரிச்சு உக்கார வச்சுப் பேசிக்கிட்டே இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு மூன்று மாதம் என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. சித்திரை பிறந்ததும், தம் பிள்ளைகளின் விடுமுறைக்கு ஒரு வாரம் தங்க வருவதாக அவரிடமிருந்து கடிதம் வந்தது. அவர்கள் வருவதற்கு முதல்நாள் காலையில் நான் ஒரு முடிவு எடுத்தேன்.

எங்கள் குடும்பத்துக்குச் சிறிய திராட்சைத் தோட்டம் உண்டு. அதற்கு மருந்தடிப்பவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். இன்று மரியாதையோடு எழுதுகிறேன். அன்று அவரை 'வா, போ' என்றுதான் பேசினேன். கைப்பம்பையும் மருந்து டப்பாவையும் வீட்டுக்கு எடுத்துவரச் சொன்னேன். வந்தவர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"ஐயா, இது கொடியில அடிக்கிற மருந்து. அங்கன அடிச்சாக் காத்து அள்ளிட்டுப் போயிரும். இங்கன வீட்டுக்குள்ள அடிச்சா அது எங்க போகும்?"

"தண்ணியை ரெண்டு மடங்கு கூட்டிட்டாப் போச்சு. கெமிஸ்ட்ரி நான் படிச்சிருக்கேனா, நீ படிச்சிருக்கியா?"

"படிச்சது நீங்கதான் ஐயா. வாந்தி எடுத்தது நானு. போன வருசம் ரெண்டு தடவை."

சொல்லிவிட்டுப் பம்பை இறக்கி வைத்தார். அடிக்க மாட்டேன் என்று வாய் திறந்து சொல்லவில்லை, திரும்பி நடந்துவிட்டார். ஊருக்கெல்லாம் டப்பாத் தாளைப் படித்துச் சொல்லுகிறவன், என் வீட்டு டப்பாவின் தாளை அன்று படிக்கவில்லை. படித்தது போதும் என்ற நினைப்பு. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, இரண்டு கட்டிலும் சொட்டச் சொட்ட நானே அடித்தேன். சுவர் வெடிப்புகளையும் விடவில்லை. கதவையும் சன்னலையும் சாத்தினேன். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் புறப்படும்போது மனைவியிடம் சொன்னேன்: மத்தியானம் அறையைத் திறந்து, வாடை போகும்படி கட்டில்களை ஈரத்துணியால் அழுந்தத் துடைத்துவிடு, நாளைக்கு விருந்தாளிகள் மூக்கைப் பொத்தக் கூடாது. இது நான் சொன்னது. அவளாகச் செய்ததல்ல.

சொன்னபடியே செய்திருக்கிறாள். வெறுங்கையால், நாடா நாடாவாகத் துடைத்து, துணியைப் பிழிந்து பிழிந்து, இரண்டு கட்டிலையும் முடித்திருக்கிறாள். வழிந்த தண்ணீர் சேலையில் ஊறியதை அவள் பொருட்படுத்தவில்லை.

மூன்று மணி சுமாருக்கு எதிர்வீட்டுக்காரர் சைக்கிளில் பள்ளிக்கு வந்து என்னை அழைத்துப் போனார். என் மனைவி அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் வியர்வை. வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்துப் பேச முயன்றாள், நாக்கு புரளவில்லை. கையின் சதை தானாகத் துடித்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். பம்பைத் திரும்ப எடுத்துப்போக அந்த நேரத்தில் வந்திருந்த மருந்தடிப்பவர், தரையில் கிடந்த துணியைக் கண்டதும் என் அனுமதிக்குக் காத்திராமல் பேசத் தொடங்கினார்.

"ஆத்தா, சேலையை மாத்திட்டுச் சோப்பைப் போட்டு மேலெல்லாம் கழுவுங்க. தலையையும் விடாதீக. அந்தத் துணியை ஒருத்தரும் தொடாதீக."

பெண்கள் அவ்வாறே செய்தார்கள். ஊரில் இருந்த ஒரே வாடகைக் கார் வந்து நின்றது. மருந்தடிப்பவர் டப்பாவைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"இதையும் கொண்டு போங்கய்யா. என்ன மருந்துன்னு டாக்டர் கேப்பாக."

வாங்கிக்கொண்டேன். காரில் ஏறும்முன் அதைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

ஏன் வைத்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பெருகிய ஆண்டுகள் அவை. வீட்டுக்கு வீடு அந்த மருந்து இருந்தது. ஒரு பெண்ணையும் அந்த டப்பாவையும் சேர்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அதற்கு ஒரே பொருள்தான். போலீஸ் வரும், வீட்டில் என்ன சண்டை என்று விசாரிக்கும். இல்லை, மூட்டைப்பூச்சிக்கு அடித்தது என்று விளக்கினால், சுகாதாரம் பேசும் வாத்தியாரின் வீட்டு இலட்சணம் கம்பம் வரை தெரிந்துபோகும். காரில் போன நேரத்தில் என் மனம் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தது. மனைவியின் தலை என் தோளில் கிடந்தது.

கம்பத்தில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனை. கோடைகாலத்து வாந்திபேதிக் கூட்டத்தால் நிறைந்திருந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். காலையில் பழைய குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள், ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றேன். என்ன படித்திருக்கிறேன், என்ன வேலை என்று விசாரித்தார். சொன்னேன். அதன்பின் அவர் வேறெதுவும் கேட்கவில்லை. பாட்டில் தண்ணீர் ஏற்றச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அரைமணிக்கு மேல் ஆயிற்று. அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நான் எழுந்து போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எழுந்தேன், கதவு வரை போனேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன். இதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

அப்போது மருந்தடிப்பவர் உள்ளே வந்தார். நாங்கள் போனபின் கதவோரத்தில் டப்பாவைக் கண்டு, அதைச் சைக்கிளில் கட்டி, அந்த வெயிலில் கம்பம் வரை மிதித்து வந்திருக்கிறார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நேராக மருத்துவரின் மேசைமேல் டப்பாவை வைத்தார்.

"கட்டில்ல மூட்டைக்கு அடிச்ச மருந்துங்க இது. அந்தம்மா வெறுங்கையால துடைச்சுருக்காக. குடிக்கல."

மருத்துவர் ஓடிவந்து அவள் கண்ணிமையை விரித்துப் பார்த்தார். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. உடனே அந்த விஷத்துக்கு முறிவான அட்ரோபின் ஊசி போட்டார், சற்று நேரத்தில் மறுபடி, பிறகும் மறுபடி. மூச்சு சீராகத் தொடங்கிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார். டப்பாவைச் சுழற்றி, தாளில் ஒரு வரியின்மேல் விரலை வைத்துக் காட்டினார். வீட்டினுள் பயன்படுத்தக் கூடாது என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"எனக்கு முதல்லயே சந்தேகம்தான் சார். படிச்சவர் சொல்றீங்களேன்னு நம்பிட்டேன்" என்றார். விபத்து என்று எழுதிக்கொண்டார். குரலை உயர்த்தவே இல்லை.

மறுநாள் பகலில் அவள் கண் விழித்தாள். முதலில் கேட்டது: "அண்ணன் வந்துட்டாகளா? கட்டில் காஞ்சிருச்சா?"

அண்ணன் வந்திருந்தார். உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரிடமும் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண்களிடமும் மருந்தடிப்பவரிடமும் வெளியில் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மூவரும் வாக்குத் தவறவில்லை. அவர்கள் வாய் மூடியதுதான் வினையாயிற்று. எச்சில் வழிய ஒரு பெண்ணைக் காரில் ஏற்றியதை ஊர் பார்த்திருந்தது. அவள் பின்னாலேயே திராட்சை மருந்து டப்பாவோடு ஒரு சைக்கிள் போனதையும் பார்த்திருந்தது. பழைய குழம்புக் கதையை யார் நம்புவார்? வாத்தியார் மனைவி மருந்து குடித்துவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள்.

குழாயடியில் ஒருத்தி, "ரெண்டு பிள்ளைகளை வச்சுக்கிட்டு அப்படிச் செய்யலாமா ஆத்தா?" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறாள். என் மனைவி குடத்தோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"நான் குடிச்சேன்னு சொல்றாக. நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பேசி ஓய்ந்துவிடுவார்கள் என்றேன். அவள் அதன்பின் என்னிடம் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவள் அண்ணன் மறுபடி வந்தார். தேனி மார்க்கெட்டில் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எந்தங்கச்சி மருந்து குடிக்கிற அளவுக்கு உங்க வீட்டுல என்ன நடந்துச்சு மாப்பிள்ளை?"

அதைக் கேட்டு அவளே வெளியே வந்தாள். "அவுக ஒண்ணும் செய்யலண்ணே. கட்டில்ல மூட்டை. மருந்து அடிச்சுருந்துச்சு, தெரியாமத் தொட்டுட்டேன்" என்றாள். அடித்தது யார் என்று சொல்லவில்லை. அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நான் அன்னைக்கு வெளாட்டுக்குச் சொன்னேன் மாப்பிள்ளை. எங்க வீட்டுல இல்லாத மூட்டையா?" என்று சொல்லிவிட்டு, அதன்பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.

மருந்தடித்த நாடாக்களை அவிழ்த்துத் தோட்டத்தில் குழிவெட்டிப் புதைத்தோம். புது நாடா போட்டோம். மூட்டைப்பூச்சி முழுக்கச் சாகவில்லை, சுவரில் மிச்சமிருந்தவை ஒரே மாதத்தில் திரும்பிவிட்டன. அந்தக் கோடையில் கட்டில்களை நானே தூக்கித் தெருவில் போட்டேன். அவள் கொதிநீர் ஊற்றினாள். சுவர் வெடிப்புகளைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தோம். வாரம் தவறாமல் செய்ததில் ஆவணிக்குள் ஒழிந்தன. எங்கள் கட்டில் தெருவுக்கு வந்த மறுவாரமே எதிர்வீட்டுக் கட்டிலும் வந்தது. பிறகு அநேகமாக எல்லா வீட்டுக் கட்டில்களும் வந்தன. தூய்மை பற்றிய என் பேச்சைக் கைதட்டிக் கேட்ட வீடுகள்தான் அவை.

மருந்தடிப்பவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நன்றி என்று ஒரு சொல் அவரிடம் நான் சொன்னதாக நினைவில்லை. அந்த மருத்துவரும், பக்கத்து வீட்டுப் பெண்களும் இன்று இல்லை. சென்ற மாதம் தேனியில் ஒரு திருமணத்தில், வயதான உறவினர் ஒருவர் என் மனைவியை ஓர் இளம்பெண்ணுக்கு அறிமுகம் செய்தார்: "அந்தக் காலத்துல மருந்து குடிச்சுப் பிழைச்சவுக." அவள் வழக்கம்போல் சிரித்துக்கொண்டாள். சாப்பாட்டு வரிசையில் நின்ற நான் வழக்கம்போல் பேசாமல் இருந்தேன். வீடு திரும்பியதும் இதை எழுத உட்கார்ந்தேன். என் பெயரைக் காக்க வேண்டி அவள் பெயரை இத்தனை காலம் அடகு வைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இவ்வளவு வயது தேவைப்பட்டிருக்கிறது.

என் மனைவி மருந்து குடிக்கவில்லை. கட்டிலுக்கு மருந்து அடித்தவன் நான். துடைக்கச் சொன்னவன் நான். மருத்துவரிடம் பொய் சொன்னவனும் நான்.