பச்சைக் கலிபோர்னியா

மெல்பர்னின் வெரிபீயில் என் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஓர் அமெரிக்க வரைபடத்தைச் சுருட்டி வைத்திருக்கிறேன். விரித்தால் ஐந்து நிறங்களில் பென்சில் தீட்டல். கலிபோர்னியா மட்டும் காகிதம் பளபளக்கும்படி அழுத்திப் பூசிய பச்சை. அப்படி ஒரு தேர்தல் அமெரிக்காவில் நடக்கவே இல்லை. ஃபுட்ஸ்கிரேயில், நாங்கள் முன்பிருந்த வீட்டின் பின்னறையில் நடந்தது.

அந்த அறையில் மாஸ்டர் குடியிருந்தார். யாழ்ப்பாணத்தில் குடியியல் கற்பித்தவர். எழுபதுகளின் நடுவில் மெல்பர்ன் வந்து டயர் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மனைவி அனுராதபுரத்தில் கணக்கு டீச்சர். ஆறு வயது மகளும் அங்கேதான். இரண்டு பேரையும் இங்கே வரவழைக்க வேண்டும், அவருக்கு வேறு நினைப்பே கிடையாது. காத்திருக்கிற நாளைத் தள்ள, கணவனும் மனைவியும் கடிதத்திலேயே ஒரு விளையாட்டு கண்டுபிடித்தார்கள்.

அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளும் உடைந்து போயின என்று வைத்துக்கொள்வது. ஜனாதிபதி பதவிக்கு ஐந்து சுயேச்சைகள். ஒரு விவசாயி, ஓய்வுபெற்ற நீதிபதி, ரயில்வேக்காரர், இந்த மூவரும் மாஸ்டரின் ஆட்கள். ஒரு நர்ஸும் ஒரு கணக்கு டீச்சரும் மனைவியின் ஆட்கள். ஒவ்வொரு ஏரோகிராம் கடிதத்திலும் ஒரு மாநிலத்துக்குப் பிரசாரம். எதிராளியின் பேச்சு நன்றாக இருந்தால், மனச்சாட்சிப்படி அந்த மாநிலத்தை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். “வகுப்பிலை அறுபது பிள்ளையளை மேய்க்கிறவளுக்கு ஐம்பது மாநிலம் ஒரு பாரமே?” என்று மனைவி எழுதியதை மாஸ்டர் எங்கள் அடுப்படியில் நின்று வாசித்துக் காட்டிவிட்டு, “தங்கச்சி, கலிபோர்னியா கைவிட்டுப் போட்டுது!” என்று சிரித்தார். தோற்ற மனுஷன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் கண்டதில்லை. அன்றைக்குத்தான் கணக்கு டீச்சருக்கான அந்தப் பச்சையைப் பூசினார்.

வெற்றிக்கு மாநிலங்களின் தேர்வாளர் வாக்குகளில் இருநூற்றெழுபது வேண்டும். ஐந்து பேரில் ஒருவரும் அதை எட்டவில்லை. மாஸ்டருக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம். தேர்தல் முடியாவிட்டால் கடிதமும் நிற்காது அல்லவா?

நின்று போனது குடும்பத்தை வரவழைக்கும் விண்ணப்பம். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தனக்குத் தன் அப்பா பெயர், மனைவிக்கு அவருடைய அப்பா பெயர், மகளுக்குத் தன் பெயர் என்று உள்ளதை உள்ளபடி நிரப்பியிருந்தார். மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். இது என்ன குடும்பம் என்று குழம்பிய அலுவலகம், மூவருக்கும் ஒரே பெயர்தான் என்று சத்தியம் செய்து கையெழுத்திட்டு அனுப்பச் சொன்னது. என் வீட்டுக்காரர் அப்படித்தான் செய்தார். பிறந்ததிலிருந்து இல்லாத ஒரு பெயரோடு நான் இந்த ஊரில் வந்து இறங்கினேன், குடியா முழுகிப்போச்சு?

“ஒரு கையெழுத்துதானே மாஸ்டர், போட்டுத் தொலைங்களேன்” என்றேன்.

“பொய்ச் சத்தியம் முடிக்க ஏலாது தங்கச்சி. அவவின்ரை தகப்பன்ரை பேரை அழிக்க நான் ஆர்?”

கையெழுத்துக்குப் பதிலாகத் தமிழர்கள் பெயர் வைக்கும் முறையை விளக்கி நான்கு பக்கக் கடிதம் எழுதினார். அதைத் தட்டச்சு செய்தது நான். ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்ட் என்ற பெருமையில், ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். பதில் வர மாதங்கள் ஆயின. மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் நான்கு பக்கம். மறுபடியும் நானே அடித்தேன். பாவி, அந்த விரல்கள் அன்றைக்கு ஒடிந்து போயிருக்கக் கூடாதா?

எழுபத்தேழு ஆகஸ்டில் அனுராதபுரத்தில் தமிழர்களை அடிக்கிறார்கள் என்று வானொலியில் கேட்டோம். மாஸ்டர் அந்தச் சத்தியக் கடதாசியைத் தேடி எடுத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டு, மழையில் ஓடிப் போய்த் தபாலில் சேர்த்தார். ஆறாம் நாள் மைத்துனரிடமிருந்து தந்தி வந்தது. மகள் அயலவர்களோடு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்துவிட்டாள். மனைவி கொல்லப்பட்டுவிட்டார்.

அதற்கு நான்கு நாள் கழித்துத் தபால் பெட்டியில் ஓர் ஏரோகிராம் கிடந்தது. மனைவியின் கையெழுத்து. கலவரத்துக்கு முன் போட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் பின்னறைக்கும் நடுவே எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்தேன். மாஸ்டர் வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“என்ரை ரெண்டு பேரையும் தேர்தலிலை இருந்து விலத்துறன். கலிபோர்னியா உட்பட எல்லா மாநிலமும் உங்கடை நீதிபதிக்கு. நீங்கள் வெண்டிட்டியள். விளையாடினது காணும். இஞ்சை நிலைமை சரியில்லை. என்ன பேரிலை எண்டாலும் எங்களைக் கெதியாக் கூப்பிடுங்கோ.”

எனக்குக் கண்ணை மறைத்தது. மாஸ்டர் அழவில்லை. சுவரில் தொங்கிய வரைபடத்தின் முன்னால் போய் நின்றார். நீதிபதியின் சிவப்புப் பென்சில் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை.

“வேட்பாளர் பேரைத் திருப்பி எடுக்கிற நாள் எப்பவோ முடிஞ்சுது தங்கச்சி” என்றார். “இனி அவ விலகேலாது. அவ நிக்கிறா.”

அந்த மாதமே மகளிடம் போய்விட்டார். திரும்பி வரவில்லை. அறையைக் கூட்டும்போது சுவரிலேயே விட்டுப்போயிருந்த வரைபடத்தைக் கழற்றினேன்.

அமெரிக்கத் தேர்தல் வரும்போதெல்லாம் இப்போது தொலைக்காட்சியில் ஐம்பது மாநிலமும் சிவப்பும் நீலமுமாக மின்னுகின்றன. பிள்ளைகள் மும்முரமாகப் பார்ப்பார்கள். நான் அறைக்குள் போய்ச் சுருளை விரிப்பேன். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பச்சை மங்கவில்லை. கணக்கு டீச்சர் நிற்கிறார்.