கூப்பாடு

அந்தத் தையல் கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கூப்பாடு என்றால் அவள்தான். மற்றவர்கள் அழுதால் அது அழுகை. அவள் அழுதால் வாட்ச்மேன் கேட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவார். தொண்டை அப்படி வாய்த்துவிட்டது. அதற்காக அவள் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. எதற்கு வெட்கப்பட வேண்டும்?

போகப் போக சூப்பர்வைசர் அந்தச் சொல்லை எல்லாருக்கும் பங்கு வைத்தார். குடிக்கத் தண்ணீர் இல்லை என்று ஒருத்தி சொன்னால், "நீயும் கூப்பாடா?" என்பார். விளக்கு மங்கலாக எரிகிறது என்றால், "வந்துட்டா இன்னொரு கூப்பாடு." வாயைத் திறந்தவள் எல்லாம் கூப்பாடு. மூடிக்கொண்டவள் தங்கம்.

தங்கங்களில் முதல் தங்கம் அவளுடைய அண்ணி. அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். விரலில் ஊசி ஏறினால் வெட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு தைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அந்தக் கூடத்தின் எழுதாத சட்டம். ஒரு மிஷின் நின்றால் வரிசையே திட்டு வாங்கும்.

அன்று காலை அண்ணியின் நகத்தைத் துளைத்து இறங்கிய ஊசி உள்ளேயே ஒடிந்துபோனது. அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு துணியைத் தேடினாள். பக்கத்து மிஷினில் இருந்த கூப்பாடு, "ஐயய்யோ, எங்க அண்ணி விரல் போச்சே!" என்று அலறிய அலறலில் கூடமே எழுந்து நின்றது. சூப்பர்வைசர் பதறிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

ஊசியை எடுத்துக் கட்டுப் போட்ட கையோடு அண்ணி மதியமே வேலைக்குத் திரும்பிவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் கூப்பாட்டின் முன்னால் வந்து நின்றார்.

"இனிமே சத்தம் போட மாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லு. இல்லன்னா நாளைக்கு வராதே."

அண்ணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "சொல்லித் தொலையேன்டி. உங்க அண்ணனுக்கும் வேலை இல்ல. நீயும் வீட்டுல உட்கார்ந்தா அடுப்பு எரியுமா?"

வேலை போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் எழுந்தாள்.

"வலிச்சா கத்துவேன் சார். எனக்கு வலிச்சாலும் கத்துவேன், இவங்களுக்கு வலிச்சாலும் கத்துவேன். நாளைக்கு உங்க விரல்ல ஏறட்டும், உங்களுக்கும் சேர்த்துக் கத்துறேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சூப்பர்வைசருக்கு மூக்கு விடைத்தது. "குத்துப்பட்டவங்களே கம்முனு இருக்காங்க. உனக்கென்ன வந்துச்சு?"

"வலிக்குது சார்," என்றாள் அண்ணி.

யாருக்கும் கேட்கவில்லை. அண்ணி எழுந்து, கட்டுப் போட்ட விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, நாத்தனாரையே தூக்கிச் சாப்பிடும் குரலில் கத்தினாள்.

"வலிக்குதுய்யா!"