வாசலுக்கு அந்தப் பக்கம்

மந்தாரக்குப்பத்துச் செல்லக்கிளிக்கு இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை எழுத வரும். வெல்கம். படிக்க வராது, எழுத மட்டும்தான். கல்யாண மண்டப வாசலில் கலர் கோலம் போட்டு, அதன் கீழே அந்த வார்த்தையை எழுதி வைப்பது அவள் பிழைப்பு. இருபது வருஷத்துக்கு முன்னால் மண்டப மேனேஜர் வைத்திலிங்கம் சாக்பீஸால் தரையில் எழுதிக் காட்ட, எதிரே குந்தியபடி கையில் ஏற்றிக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை அது ஒரு வளையல், ஒரு பிறை, இரண்டு சீப்பு, இன்னும் மூன்று கோணல்மாணல்.

மண்டபத்துக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்துத்தான் எப்போதும் உட்காருவாள். மாறி உட்கார்ந்தால் எந்த வண்டி எப்போது மேலே ஏறும் என்று யார் கண்டது? அதனால் வருகிறவர்களுக்கு நேராகத் தெரிய வேண்டிய எழுத்தைத் தலைகீழாகவே எழுதிப் பழகிவிட்டாள். முடிந்ததும் சமையல்கட்டு வழியாகப் போய்விடுவாள். ஊரெல்லாம் வெல்கம் போர்டு தொங்குகிறதே, பார்த்ததில்லையா என்பீர்கள். படிக்காதவளுக்குப் போர்டில் இருப்பதெல்லாம் ஒரே இங்கிலீஷ்தான்.

யாராவது தேங்க்ஸ் சொன்னால் பதிலுக்கும் வெல்கம்தான் சொல்ல வேண்டும் என்று மகள் எழில்மதி பள்ளிக்கூடத்தில் படிக்கையில் சொல்லிக் கொடுத்தாள். வாசலில் கிடக்கிற வார்த்தை வாயிலும் வருமா என்று செல்லக்கிளிக்கு ஒரே ஆச்சரியம். யாராவது சொல்வார்களா என்று ரொம்ப நாள் காத்திருந்தாள். ஒரு மண்டபத்திலும் ஒருத்தரும் சொல்லவில்லை, பாவி மனுஷர்கள்.

அந்த எழில்மதி ஜானைக் கட்டிக்கொண்டது மாதா கோயிலில். சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்டு இவள் போகவில்லை. அன்று காலையில் யார் பெற்ற பெண்ணுக்கோ வெல்கம் எழுதிக்கொண்டிருந்தாள். நான்கு வருஷமாக மகள் கூப்பிட்டும் இவள் போனை எடுக்கவில்லை. முதலில் வீம்பு, பிறகு வெட்கம்.

போன வாரம் வைத்திலிங்கம் சேதி கொண்டுவந்தார். ஜானுக்குச் சுரங்கத்தில் வேலை பெர்மனென்ட் ஆகி டவுன்ஷிப்பில் குவாட்டர்ஸ் கிடைத்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறார்களாம். செல்லக்கிளியைக் காலையிலேயே வரச் சொன்னாளாம் எழில்மதி.

"கோலம் போடவாங்க?" என்று கேட்டாள்.

"அத நான் கேக்கலியேம்மா."

அம்மாவாகவா, கோலக்காரியாகவா? மூன்று நாள் அதே யோசனை. கோலக்காரியாகவாவது போவோம் என்று பொடிப் பையைத் தூக்கிக்கொண்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊரே பனிக்குள் கிடந்தது. டவுன்ஷிப்பை வட்டம் வட்டமாகப் பிரித்திருந்தார்கள்; எந்த வட்டத்திலும் ஒரே மாதிரித் தெரு, ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி வீடு. சுரங்கத்துப் பக்கமிருந்து இயந்திர முனகல் வந்துகொண்டே இருந்தது. நடக்கிறாளா, நடப்பதாகக் கனவு காண்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கேட்டுகள் ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து வந்து, பனியிலேயே கரைந்தன.

வைத்திலிங்கம் சொன்ன நம்பர் வீட்டின் முன்னால் கலர் தெரிந்தது. கோலமும் இருந்தது, கீழே எழுத்தும் இருந்தது. வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள், கோலக்காரியாகக்கூட நான் வேண்டாம் என்று நினைத்தாள். பிறகுதான் எழுத்தை உற்றுப் பார்த்தாள். சீப்புப் பல்லெல்லாம் மறுபக்கம் திரும்பி, வரிசையே பின்முன்னாக இருந்தது. மகள் குடிபோகிற நாளில் இப்படியா? தெருவில் குந்தி, கடைசிச் சீப்பை விரலால் அழித்தேவிட்டாள்.

கேட் திறந்தது. எழில்மதி நின்றாள்.

"என்னம்மா பண்ணிகினு இருக்கிற?"

"தலகீழா எழுதி வச்சிருக்கானுங்கடி."

எழில்மதிக்குச் சிரிப்பு வந்து, பாதியில் அழுகையானது. விடியலில் எழுந்து அவளே போட்டதாம். "நேராத்தாம்மா இருக்குது. நீதான் இந்தப் பக்கத்துலேர்ந்து பாத்ததே இல்ல."

செல்லக்கிளி மறுபடி பார்த்தாள். வருகிறவர்களுக்கு இப்படியா தெரியும்? அழகாகத்தான் இருந்தது.

"உங் கல்யாணத்துக்கு நான் வரலியேடி."

"இப்ப வந்துட்ட இல்ல. பால் பொங்கப் போவுது, வா."

பழக்க தோஷத்தில் பின்வாசல் எங்கே என்று கண் தேடியது. எழில்மதி கையைப் பிடித்து, முன்வாசல் வழியாகவே கூட்டிப் போனாள். அடுப்படி வரைக்கும் செல்லக்கிளியின் பாதம் கலர் கலராகப் பதிந்தது.

முதல் டம்ளர் பாலை ஜான் அவளிடம் நீட்டினான். "வந்ததுக்கு தேங்க்ஸ்ங்க அத்தை."

இருபது வருஷமாகக் கையில் இருந்த வார்த்தை வாய்க்கு வரவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினாள்.