மூன்று நோட்டுகளும் ஒரு குதிகாலும்

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் பட்டணத்தில், கல்மண்டபத்தில் ஒரு மாடியறையில் குடியிருந்தேன். மருத்துவக் கல்லூரியில் நான்காம் வருஷம். விடுதியில் இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அங்கே புரளும் இங்கிலீஷுக்கு என் திருநெல்வேலி நாக்கு வளைந்திருக்காது. காலையிலும் விரிவுரை, மதியமும் விரிவுரை. பேராசிரியர் பழுப்பேறிய தாளைப் பார்த்து வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். தலை நிமிர்ந்தால் ஒரு வரி போச்சு. ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசாமல் அறைக்குத் திரும்புவேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, என் குரலைக் கேட்பதற்காகவே சில நாள் பாடத்தை உரக்கப் படித்திருக்கிறேன்.

என்னோடு பேசிய ஒரே ஆள் கீழ்வீட்டு மீனவர். கட்டுமரத்தில் போகிறவர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். "இன்னா டாக்டரே, துன்னியா?" என்று தினமும் சாப்பாட்டை விசாரிப்பார். அந்த ஒரு கேள்விக்காகவே படியில் மெதுவாக இறங்குவேன்.

ஒரு நாள் நொண்டிக்கொண்டு வந்தார். குதிகாலில் திருக்கை மீனின் முள் ஏறிவிட்டதாம். "சுடச்சுட தவுடு வெச்சிக் கட்டிகினேன், வலி பூட்ச்சி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒரு வாரம் கழித்து என் அறைக்கே வந்தார், மனைவியோடு. "வாயி தொறக்க வர்ல நைனா. இஸ்த்துகினு கீது."

ஒரு விரல் அகலம்தான் திறந்தது. உள்ளே ஒரு சொத்தைப் பல். அடடா, எனக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! முதன்முதலாக ஒரு மனிதர் என்னை நம்பி வாயைக் காட்டுகிறார். "பல்லுதான் அண்ணே. உப்புத் தண்ணி கொப்புளிங்க, கிராம்பு வைங்க" என்றேன். "ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவட்டா தம்பி?" என்று கேட்டார் அவர் மனைவி. "எதுக்கு, கூட்டத்துல நிக்கவா?" என்றேன், மகா வைத்தியன்!

மூன்றாம் நாள் அவர் முதுகு வில்லாக வளைந்துவிட்டது. கைவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வார்டு டாக்டர் வாயைப் பார்க்கவே இல்லை. "காயம் எங்கே?" என்று கேட்டுக் காலைத் தூக்கிப் பார்த்து, "டெட்டனஸ்" என்றார். சிறு சத்தம் பட்டாலும் உடம்பு வெட்டி இழுக்கும் என்பதால் இருட்டறையில் தனியாகப் படுக்க வைத்தார்கள். இரண்டு நாள் கிடந்து செத்துப்போனார்.

அறைக்கு வந்து நோட்டுகளை எடுத்தேன். முதல் வருஷ நோட்டில் தாடைத் தசையும் அதன் நரம்பும். மூன்றாம் வருஷ நோட்டில் அந்த நோயின் கிருமி, மேளக்குச்சி போல, சிவப்புப் பென்சிலில் நானே வரைந்தது. ஆழக் குத்திய காயத்தில் வளரும் என்று பக்கத்திலேயே குறிப்பு. நான்காம் வருஷ நோட்டில், தாடை பூட்டிக்கொள்வதே முதல் அறிகுறி என்று அடிக்கோடு வேறு. மூன்றும் என் கையெழுத்து. மூன்றையும் ஒரே ஆள்மேல் வைத்துப் பார் என்று ஒரு பயல் சொல்லவில்லை. எனக்குத் தானாகவும் தோன்றவில்லையே, பாவி, அதுதான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது.

பின்னாளில் நானும் பாடம் எடுத்தேன். எல்லாப் பாடத்தையும் ஒரே நோயாளியை வைத்துச் சேர்த்துச் சொல்வதா, பழையபடி தனித்தனி விரிவுரையா என்று கூட்டம் போட்டு மல்லுக்கட்டுவார்கள். சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று நான் கத்துவேன். காரணம் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன்.

அன்று, மீனவரின் காரியம் முடிந்த மறுநாள், படியில் அவர் மனைவி எதிரே வந்தார். ஒதுங்கி நின்றேன்.

"நீ மேல கீறியேன்னுதான் தம்பி தெகிரியமா இருந்தோம். இல்லாங்காட்டி அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம்."

குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "துன்னியா?" என்று கேட்டார்.

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.