மாதா விளக்கும் காருக்குள் ஒரு நுளம்பும்

மனைவிக்கு விசா கிடைத்துவிட்டது என்று தெரிந்த அன்றே நான் என் பழைய காருக்கு ஒரு கசெற் றேடியோ வாங்கினேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கலியாணம் முடித்த நாலாம் மாதமே மன்னாரை விட்டு ஜெர்மனிக்கு வந்தவன் நான். அதன் பின் ஏழு வருடங்கள். தொலைபேசியில் பேசும்போதே இரண்டு நிமிடத்தில் எனக்குச் சொல் தீர்ந்துவிடும். பிராங்பேர்ட் விமான நிலையத்திலிருந்து நான் இருந்த பீலெஃபெல்டுக்கு மூன்று மணி நேர ஓட்டம். அவ்வளவு நேரமும் அவளை அருகில் வைத்துக்கொண்டு நான் எதைப் பேசுவது? பாட்டு ஓடினால், பேசாமல் இருப்பது குறையாகத் தெரியாது என்று நினைத்தேன்.

றேடியோவை நானே காரில் பொருத்திப் பூட்டினேன். பெட்டிக்குள் இருந்த தாளில் படமும் ஜெர்மன் எழுத்தும் இருந்தன. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், படத்தை மட்டும் பார்த்தேன். கறுப்பு வயர் இரும்பில் தொட வேண்டும் என்பது விளங்கியது. கார் வாங்கிய நாளிலேயே முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு சிறிய மாதா சுரூபம் வைத்திருந்தேன். அதன் காலடியில் விட்டு விட்டு மின்னும் நீல விளக்கு. அந்த விளக்கின் வயரைப் பிடித்திருந்த திருகாணியிலேயே றேடியோவின் கறுப்பு வயரையும் சேர்த்து முறுக்கினேன். மாதாவோடு சேர்த்துக் கட்டினால் பழுது வராது என்றும் ஒரு நினைப்பு.

எஞ்சினை இயக்கியதும் பாட்டுக்குள் ஒரு நுளம்பு புகுந்தது; காதோரம் கொசு பறப்பது போல ஓர் இரைச்சல். அக்சிலேற்றரை அழுத்த அழுத்த அது பெருத்து விசிலானது. எஞ்சினை நிறுத்தினால் பாட்டு சுத்தமாகக் கேட்டது.

அவள் வர ஒன்பது நாட்கள் இருந்தன. நான் ஏரியலைக் கழற்றிப் பார்த்தேன். கசெற்றில் இரைச்சல் அப்படியே இருந்தது. ஸ்பீக்கர் வயரை விரிப்புக்கடியில் மற்றப் பக்கத்தால் இழுத்தேன். எஞ்சினின் பிளக் வயர்களை மாற்றினேன். வேலைக்குப் போகுமுன் ஒரு தரம், வேலை விட்டதும் ஒரு தரம், காருக்குள் இருந்து எஞ்சினை உறுமவிட்டுக் காது கொடுப்பேன். பிஸ்கட் தொழிற்சாலையில் பொதி செய்யும் இயந்திரமும் எனக்கு அதே சுருதியில் இரைவதாகத் தோன்றியது.

என்னோடு வேலை செய்த ஒருவர் யாழ்ப்பாணத்தில் றேடியோ திருத்தியவர். பாட்டு எதற்கு என்று கேட்பாரே என்ற கூச்சத்தில் ஒரு கிழமை கேட்காமல் இருந்தேன். இரண்டு நாள் மிச்சம் இருக்கையில்தான் கூட்டி வந்தேன். அவரும் அதைத்தான் கேட்டார்.

"என்னண்ணை, அக்காவோட கதைக்காமப் பாட்டே போடப் போறியள்?"

"இல்லை... வழி நீளம்தானே."

"ஏழு வருஷம் பொறுத்தவவுக்கு மூண்டு மணித்தியாலம் நீளமோ?"

நான் எஞ்சினை இயக்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இரைச்சலுக்கு நடுவில டிக், டிக் எண்டுது. கேக்குதோ?"

"ஓம்."

"இப்ப மாதாவைப் பாருங்கோ."

நீல விளக்கு பற்றும் ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கரில் ஒரு டிக்.

"ரெண்டையும் ஒரே ஆணியில கட்டினனீங்களோ? விளக்கைக் கழட்டுவம்."

"மாதாவில கை வைக்காதையும்."

"சரி, நான் சைவக்காரன், எனக்கேன் வம்பு. றேடியோ வயரைக் கழட்டுறன்."

அந்தத் திருகாணி பெயின்றின் மேல் இருந்து, இரும்பில் அரைகுறையாகத் தொட்டதை அவர் காட்டினார். சின்ன விளக்குக்கு அந்தத் தொடுகை போதும். றேடியோவுக்குப் போதாமல்தான் எஞ்சின் பக்கத்து இரைச்சலெல்லாம் பாட்டுக்குள் வந்திருக்கிறது. வேறோர் இடத்தில் பெயின்றைச் சுரண்டி, வெறும் இரும்பில் ஒரு தடித்த வயரை இறுக்கினார். நுளம்பு போய்விட்டது.

விமான நிலையத்தில் அவளிடம் "சுகமோ?" என்றேன். "ஓம்" என்றாள். பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தேன். ஓட்டோபான் நெடுஞ்சாலையில் ஏறியதும் கசெற்றைப் போட்டேன். தெளிவான பாட்டு. பத்து நிமிடம் போயிருக்கும்.

"அதைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோவன். பிளேன் இரைஞ்சது இன்னும் காதுக்குள்ள நிக்குது."

நிறுத்தினேன். ஒவ்வொரு வீதிப் பலகையிலும் இன்னும் எத்தனை கிலோமீற்றர் என்று பார்த்தேன். ஒன்பது நாளாக என் தலைக்குள் வேறொன்றும் இருந்ததில்லை. அதுதான் வாயில் வந்தது.

"இதிலையும் ஒரு இரைச்சல் இருந்தது."

"எதில?"

"றேடியோவில."

"பிறகு?"

ஏரியலில் தொடங்கி பெயின்ற் வரை சொன்னேன்.

"மாதாவோட கட்டினனீங்களோ? விசரே உங்களுக்கு!"

அவள் சிரித்தாள். எனக்கு அவள் பக்கம் திரும்பத் துணிவு வரவில்லை. காஸல் நகருக்குக் கிட்டே கதை முடிந்துவிட்டது. வேறொன்றும் கிடைக்காமல் பிளக் வயர் மாற்றியதைத் திரும்பத் தொடங்கினேன்.

"உது முதலே சொல்லிப்போட்டியள்" என்றாள். "இனி நான் சொல்லுறன், நீங்கள் கேளுங்கோ."

நான் புறப்பட்டுப் போன நாளிலிருந்து அவள் தொடங்கினாள். நான் லொறிகளை முந்துவதை விட்டுவிட்டு, அவற்றின் பின்னாலேயே, மெதுவாகப் போகிறவர்களுக்கான வலப்பக்கப் பாதையில் ஓட்டினேன்.