அம்மா அழுத்தாத பொத்தான்

கொழும்பில் ஒரு கணினிக் கடையில் வேலைபார்த்த அண்ணன், யாரோ கழித்துவிட்ட கணினியொன்றைச் சாக்கில் சுற்றி, டயகம பஸ்ஸில் தேயிலைத் தோட்டத்து எங்கள் லய வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எனக்கு எட்டு வயது. லீவில் வந்தவன் லீவு முழுவதையும் அதன் முன்னாலேயே கழித்தான். விண்டோஸ், லினக்ஸ் என்ற இரண்டு இயங்குதளங்களும் ஒரே கணினியில் இருக்கவேண்டும் என்பது அவன் ஆசை. முதல் தடவை ஒன்று மற்றதை விழுங்கிவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான்.

“நம்ம காம்பராவுல தடுப்பு வச்சி சித்தப்பாவுக்குப் பாதி குடுத்தோமில்ல, அந்த மாதிரிதாம்மா. ஒரே பெட்டி, ரெண்டு குடித்தனம்,” என்று அம்மாவுக்கு விளக்கினான்.

“சண்ட வராம இருந்தா சரி,” என்றார் அம்மா.

பெட்டியைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வரும். சும்மா விட்டால் சில வினாடிகளில் விண்டோஸ் தானாகத் திறந்துகொள்ளும். கீழ் அம்புப் பொத்தானை அழுத்தினால் லினக்ஸுக்குப் போகலாம். அதில் எல்லாமே தமிழில் இருந்தன. அந்த அம்பு அம்மாவின் பொறுப்பு. கொழுந்துக் கறை போகாத விரலைச் சேலையில் துடைத்துவிட்டு அழுத்துவார். பிறகு ‘கோப்பு’, ‘திருத்து’ என்று எழுத்துக்கூட்டி வாசிப்பார். தோட்டத்து ஆபிஸில் அவர் கைநாட்டு வைத்த தாள் ஒன்றுகூடத் தமிழில் இருந்ததில்லை. ஒரு மெஷின் தமிழில் வந்ததில் அவருக்கு அவ்வளவு பெருமை.

அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. போர் நடந்த காலம் அது. கொழும்பில் வேலைபார்த்த தோட்டத்துப் பையன்கள் சிலரைச் சந்தேகத்தில் பிடித்துப்போயிருந்தார்கள்.

“தமிழ்ல என்னமோ வச்சிருக்கான்னு எவனாச்சும் போட்டுக் குடுத்தா என்னா செய்வ? அத அழிச்சிரு.”

“தமிழ்ல இருக்கறது குத்தமாப்பா?” என்று அண்ணன் கேட்டான்.

அண்ணன் திரும்பிப்போகவிருந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் பொலிஸ்காரர் இருவர் வந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த பெட்டியைப் பற்றி யாரோ சொல்லியிருந்தார்கள். அதைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். அண்ணன் போட்டான். இரண்டு வரிகளும் வந்தன. நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றார்.

“அம்மா, அமுக்குங்க,” என்றேன்.

அப்பா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பிள்ளை என்ன சொல்கிறது என்று பொலிஸ்காரர்களில் ஒருவர் கேட்டார். விளையாட்டுப் போடச் சொல்கிறாள் என்று அண்ணன் சிங்களத்தில் சொன்னான். அதற்குள் விண்டோஸ் திறந்துவிட்டது. பச்சைப் புல்வெளிப் படத்தையும் சீட்டு விளையாட்டையும் பார்த்தார்கள். அம்மா ஊற்றிக்கொடுத்த பிளேன்டியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அண்ணன் அன்று மாலையே பஸ் ஏறினான். அதன்பிறகு அம்மா அந்த அம்பைத் தொடவே இல்லை. கூப்பிட்டால் கண் மங்குகிறது என்பார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வீண், பொலிஸைக் கண்டதும் எந்தப் பொத்தான் என்பதே மறந்துவிட்டது என்று குழாயடியில் தோழிகளிடம் சொல்லிச் சிரித்தேன். அம்மா பக்கத்தில்தான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஆமா, மறந்துதான் போச்சு,” என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அம்மா பொய் சொல்வார் என்று அப்போது எனக்குத் தெரியாது.