சாதத்தைத் தொடாத மாமாவும் மூணாவது மாடியும்

டயட்டீஷியன் வேலை என்பது, அடுத்தவரைச் சாப்பிடாதே என்று சொல்லி, அந்தக் காசில் நாம் சாப்பிடுவது. அரிசியைக் குறைத்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடுகிற என் சக பாவிகளே, அபிராமபுரம் கிளினிக்கில் நான் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

பலகாரம்

மயிலாப்பூர் வைத்தி மாமாவுக்கு உடம்பு பெருத்து முழங்கால் தகராறு. மகள் இருப்பதோ திருவான்மியூரில் மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பிறந்த பேரனை அவள் பால்கனியில் தூக்கிக் காட்ட, இவர் தெருவில் நின்று உற்சவரைக் கும்பிடுவது போல அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார். எடை குறைந்தால்தான் படி ஏறலாம் என்று டாக்டர் என்னிடம் அனுப்பினார்.

மாவுச்சத்தைக் குறைக்கணும், முதலில் சாதத்தை நிறுத்துங்கள் என்றேன். அடுத்த தடவை எடை ஏறியிருந்தது. காலையில் இட்லி, மத்தியானம் சேவை, ராத்திரி உப்புமாவாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாமே மாவுதானே மாமா என்றால், ஏகாதசி விரதம் இருந்த முகத்தோடு சொன்னார்:

"சாதத்தைத் தொடவே இல்லைம்மா. மூணு வேளையும் பலகாரம்தான்."

தண்ணீர்

அரிசி, ரவை, கோதுமை எதுவும் ஆகாது. பனீர், தயிர், கீரை, காய் போதும் என்று கறாராகச் சொன்னேன். ஒரே வாரத்தில் மூன்று கிலோ இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் மாமா கோயில் சர்க்கரைப் பொங்கலை ஒரு பிடி பிடிக்க, இறங்கியதில் பாதி திரும்பி வந்துவிட்டது.

மாமி சண்டைக்கு வந்தாள். உடம்பு தன் கையிருப்புச் சர்க்கரையைத் தண்ணீரோடு சேர்த்துத்தான் வைத்திருக்கும், மாவு வராவிட்டால் இரண்டும் போகும், வந்தால் திரும்பும், கொழுப்பு மெதுவாகத்தான் கரையும் என்று விளக்கினேன். மாமி கணவரின் வயிற்றை ஒருமுறை பார்த்தாள்.

"அப்போ இத்தனை வருஷமா நான் தொப்பைன்னு நெனச்சிண்டிருந்தது லாரித் தண்ணியா?"

வத்தக்குழம்பு

அப்புறம் மாமா நிஜமாகவே இளைத்தார். மாயம் ஒன்றுமில்லை. நம் சாப்பாட்டில் சாதம் போனால் குழம்பு சாதம், ரசம் சாதம், மோர் சாதம் மூன்றும் போச்சு. கூடவே நெய்யும் அப்பளமும் 'இன்னும் கொஞ்சம் போடு'வும் போச்சு. பனீர் வயிற்றில் கம்மென்று கிடப்பதால் பசியும் அதிகம் தெரியாது. மொத்தத்தில் உள்ளே போவது குறைந்தது, அவ்வளவுதான். மாமாவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

"வத்தக்கொழம்பு பண்ணியிருக்கா. எதுல போட்டுக்கறது, நீயே சொல்லு."

மூணாவது மாடி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவிடமிருந்து போன் வந்தது. ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிட்டாராம். பேரன் மடியில் வீறிடுவது எனக்கே கேட்டது. சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல், இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று அதட்டினேன்.

"பேரனை மடியில வெச்சிண்டு நாலு வாய் தயிர் சாதம். திட்டறதுன்னா அடுத்த வாரம் திட்டிக்கோ."

ஆக, மாமாவை இளைக்க வைத்த பெருமையில் பாதி அந்த மூணாவது மாடிக்கு, மீதி போட்டுக்கொள்ளச் சாதமில்லாமல் பாத்திரத்திலேயே நின்றுபோன வத்தக்குழம்புக்கு, ஃபீஸ் மட்டும் எனக்கு.